மாத்திரை கொடுத்த முகம்

என் முகத்தைப் பார்த்து நிலா என்று ஒரே ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். அவர் என் டாக்டர். அதையும் வருத்தத்தோடுதான் சொன்னார். மாத்திரையால் கன்னம் இரண்டும் உப்பி, தாடை மறைந்து, முகம் வட்டமாகிப் போவதற்கு மருத்துவத்தில் அப்படி ஒரு பெயர் உண்டாம். எங்கள் ஊரில் அதே முகத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள். "புள்ள நல்லாத் தேறிட்டா" என்றார்கள். அந்தப் பேச்சால்தான் நான் செத்துப் பிழைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் ஊர் கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்குப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டில் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். அப்பாவுக்குக் கடலைக்காடும் சோளக்காடும் இருந்தன. ஆனால் மாடு வாங்கி விற்பதில்தான் அவருக்கு உயிர். சந்தையில் அவர் குரலைக் கேட்டால் மாடே திரும்பிப் பார்க்கும். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். அப்பாவின் அக்கா வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அத்தை என்றால் ஊரே கொஞ்சம் தள்ளி நிற்கும். எதிர்த்துப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். "இந்த வாயி உங்கம்மாளுக்குக்கூட இருந்ததில்ல" என்பாள். எனக்கு அது பாராட்டாகவே கேட்கும்.

களத்தில் சோளம் அடித்துத் தூற்றுகிற நாளில் என் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தத் தொடங்கும். இழுப்பு. ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்திரி என்று நான் தின்னாத இலை இல்லை. கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பனிக்காலத்தில் உதடு நீலம் பாரித்து விழுந்துவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடினார். அங்கேதான் அந்த டாக்டரைப் பார்த்தேன். நடுவயதுப் பெண். முன்கோபக்காரி. எனக்கு உடனே பிடித்துவிட்டது. பிரெட்னிசோலோன் என்று ஒரு மாத்திரை கொடுத்தார், பொட்டு அளவுக்கு வெள்ளையாக. மறுநாளே மூச்சு தாராளமாக வந்தது. வேண்டுமென்றே ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறி இறங்கினேன். நர்ஸ் திட்டினார். திட்டட்டும் என்று இன்னொரு முறை ஏறினேன்.

"இது உள்ள போய் என்னதான் பண்ணுதுங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"சொன்னா உனக்குப் புரியுமா?"

"சொல்லிப் பாருங்க. புரியலைன்னா அது சொல்றவங்க தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூச்சுக்குழாயின் உட்புறத்தில் செல்கள் ஒரு தோல் போல நெருங்கி அமர்ந்திருக்கின்றன. தூசி வந்து படுகிறது. மற்றவர்களுக்கு அது ஒரு தும்மலோடு போகும். என் செல்களோ ஊரைக் கூட்டுகின்றன. செல்லின் நடுவே உட்கரு, அதற்குள் மரபணுக்கள். ஆள் அனுப்பு, வீங்கு, சளியைச் சுர என்று கட்டளை எழுதித் தருகிற மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அந்தக் கட்டளையைக் கேட்டு ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து குவிய, குழாயின் சுவர் வீங்கி, சளி அடைத்து, வழி குறுகிவிடுகிறது. இந்த மாத்திரை சளியைக் கரைப்பதில்லை. குழாயைப் பிடித்து இழுத்து விரிப்பதும் இல்லை. கட்டளை எழுதுகிற இடத்துக்கே போகிறது. கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு என்பதால் செல்லின் சவ்வைத் தாண்ட அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். உள்ளே இதற்கென்றே ஒரு புரதம் காத்திருக்கிறது, ஏற்பி என்று பெயர். இரண்டும் சேர்ந்துகொண்டு உட்கருவுக்குள் நுழைகின்றன.

"அங்க போய் எதை எழுதணும், எதை எழுதக்கூடாதுன்னு மரபணுவோட பேசுது. எப்படிப் பேசுதுங்கறது இன்னும் முழுசாத் தெரியாது" என்றார் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெரிய மனுஷியை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மீதியைப் பல வருடம் கழித்து நானே தேடிப் படித்தேன். தூசி பட்டதும் உட்கருவுக்குள் ஓடிப்போய் வீக்கத்துக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்புகிற புரதம் ஒன்று உண்டு. ஏற்பியும் மாத்திரையும் ஜோடியாகப் போய் அந்தப் புரதத்தையே வேலை செய்ய விடாமல் மறித்துக்கொள்கின்றன. மரபணு இழை புரத உருளைகளில் சுற்றிக் கிடக்கிறது. கட்டளை எழுத வேண்டுமானால் அந்த இடத்தில் சுற்று தளர வேண்டும். இந்த ஜோடி அங்கே ஒரு நொதியை வரவழைத்து, தளர்ந்த இழையை மறுபடி இறுகச் சுற்ற வைக்கிறது. சுருட்டி மூடிய பிறகு எதைப் பார்த்து எழுதுவது? இன்னொரு பக்கம், வீக்கத்தை அடக்கும் புரதங்களைச் செய்யச் சொல்லி வேறு மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இதைப் படித்து முடித்தபோது அறைக்குள் நான் ஒருத்தியாக உட்கார்ந்து கைதட்டினேன். என் செல்களின் கொட்டத்தை அடக்க ஒரு பொட்டு மாத்திரைக்கு எவ்வளவு தைரியம்!

அன்று பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது அப்பா கேட்டார்: "அதென்ன கண்ணு, அத்தனூண்டு மாத்தர அப்பிடி என்ன பண்ணுது?"

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். பேரமெல்லாம் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். படிந்தால் படிந்தது. படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த மாட்டைப் பற்றி அவரிடம் மறுபேச்சு கிடையாது.

நான் அப்பாவின் தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் இரண்டு கைகளின் மேல் போட்டேன். "என்ற கை மாத்திரை. உங்க கை செல்லுக்குள்ள இருக்கிற ஏற்பி. புடிச்சாச்சுங்களா? இனித்தான் பேச்சு நடக்குது."

"வெளிய நிக்கறவனுக்கு ஒண்ணுந் தெரியாது."

"தெரியாதுங்கப்பா."

"அப்ப வேவாரம் முடிய நேரமாகுமே கண்ணு."

"ஆகுங்க. மணிக்கணக்குல ஆகும். பழைய கட்டளையில வந்த சரக்கெல்லாம் தீரோணும், புதுசு எழுதி வரோணும். முழுங்கின ஒடனே நிக்காது."

"அதான பார்த்தேன்" என்று என் விரலை ஒரு தடவை அழுத்திவிட்டுச் சிரித்தார். எங்களையே பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர், பஸ்ஸிலும் மாட்டு வியாபாரமா என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நாங்கள் கிளம்பும்போது டாக்டர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இதே மாதிரி ஒரு சரக்கைச் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி நம் உடம்பிலேயே செய்கிறது. மாத்திரை வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி எனக்கென்ன என்று தூங்கிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் ஊறாது. அதனால் அவர் சொல்லும்போது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இன்னொன்றும் சொன்னார். அந்த ஏற்பி மூச்சுக்குழாயில் மட்டும் இல்லை, உடம்பின் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் இருக்கிறது. விழுங்கிய மாத்திரைக்கு நுரையீரல் எது, கன்னம் எது என்று தெரியாது. போகிற இடமெல்லாம் பேசும். மருந்தை நேராக மூச்சுக்குழாய்க்கு மட்டும் அனுப்புகிற பஃப் வெளிநாட்டில் வந்துவிட்டதாம். அது என் கைக்கு வர இன்னும் பல வருடம் இருந்தது.

அப்படித்தான் கன்னம் உப்பியது. ஒட்டிக் கிடந்த முகம் ஒரு சில மாதத்தில் ஆப்பம் போல எழும்பியது. ஊர் பூரித்துப் போயிற்று. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் என்ற கை நெய்யி. தெனமும் சோத்துல ஒரு கரண்டி ஊத்தறேனே, சும்மாவா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். "அது நெய் இல்ல அத்தை, மாத்திரை" என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். மாத்திரை தின்று யாராவது தேறுவார்களா என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் சதை என்றால் சுகம்தான். மெலிந்தால் நோய், பருத்தால் நலம். வேறு கணக்கே கிடையாது.

அந்தக் கன்னத்தைக் கல்யாண வீடு ஒன்றில் பார்த்துவிட்டுத்தான் சம்பந்தம் கேட்டு வந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம், சொந்தக் கார். அத்தை அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். மாத்திரைக் குப்பியை எடுத்து இடுப்பில் இருந்த சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"குடுங்க அத்தை."

"எதுக்கு? அதான் தேறிட்டியே. நோவு போனபொறவு மருந்து எதுக்கு? பொண்ணு மாத்தர திங்கறான்னு வெளிய தெரிஞ்சா எவன் வருவான்?"

"நிறுத்துனா செத்துப்போவேன்."

"அட கெரகமே, நல்ல காரியம் பேசறப்ப வாயில என்ன வருது பாரு!"

அப்பா மாடு பார்க்க வெளியூருக்குப் போயிருந்தார். நான் கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன், சுருக்குப்பையைப் பிடித்து இழுக்கக்கூடச் செய்தேன். அத்தை அசையவில்லை. அவளுக்கு என் மேல் ஆசை இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கூடுதலாகத் திட்டியிருக்கலாம். முதலில் கை கால் சோர்ந்தது. எழுந்தால் தலை சுற்றியது. பிறகு பழைய பூனைக்குட்டி மெல்லக் கத்த ஆரம்பித்தது.

பெண் பார்க்க வரும் அன்று காலையில்தான் அப்பா வந்து சேர்ந்தார். மாத்திரையை நிறுத்தியது அவருக்குத் தெரியாது, சொல்ல எனக்கு நேரம் கொடுக்கவில்லை. அத்தை வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள், விருந்தாளி வருகிற வீடு மணக்க வேண்டுமாம். அந்தப் புகை எனக்குப் போதாதா? பட்டுச்சேலை கட்டி முடிப்பதற்குள் மூச்சு விசில் அடித்தது. "சித்த நேரம் அடக்கிக்க அம்மணி, அவிய போயிறட்டும்" என்று காப்பித் தட்டைக் கையில் கொடுத்து என்னை முன்னறைக்குத் தள்ளிவிட்டாள்.

மாப்பிள்ளை கார்ச்சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா எழுந்து வந்து என் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். "நல்ல ஒடம்புங்க. என்னங்க குடுக்கறீங்க?"

"நெய்யிங்க" என்றாள் அத்தை, உடனே.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்! தட்டை நடுக்கூடத்தில் வைத்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிப் பேசினேன். "எனக்கு இழுப்பு இருக்குங்க. மாத்திரை திங்கறேன். இவங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க. குடுக்கச் சொல்லுங்க."

அப்பா என் உதட்டைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். "அக்கா?" என்றார். அவ்வளவுதான். அத்தையின் கை தானாகச் சுருக்குப்பைக்குப் போனது. நான் மாத்திரையை வாயில் போட்டு, மாப்பிள்ளைக்கு வைத்திருந்த காப்பியை எடுத்துக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

"அதான் போட்டுட்டாளே, இப்ப நின்னுரும்" என்றாள் அத்தை.

"நிக்காதுக்கா" என்றார் அப்பா. "அது உள்ள போயி வேவாரம் முடிக்க மணிக்கணக்காகும். அத்தன நேரம் இவ தாங்க மாட்டா." பஸ்ஸில் துண்டைப் போட்டுப் பேசியதை அவர் மறக்கவில்லை. வண்டி பூட்டக் கிளம்பினார். வண்டியாவது மண்ணாவது! வாசலில் கார் நிற்கிறது. நான் நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். பெண் பார்க்க வந்த காரில் பெண் தானாக ஏறியது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை ஒரு நொடி திகைத்தார், அப்புறம் ஓடிவந்து, அப்பாவும் அத்தையும் ஏறியதும் காரை எடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய அம்மா ஆறிப்போன காப்பியோடு எங்கள் கூடத்தில் நின்றார்.

அன்றைக்கென்று வேலந்தாவளத்தில் சந்தை. ரோடு முழுக்க மாடு. ஹார்ன் அடித்தால் மாடு நகருமா? அப்பா ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டித் துண்டை வீசினார். "ஓரம்! ஓரம் போங்கப்பா! என்ற புள்ளைக்கு மூச்சு நிக்குது!" தெரிந்த குரல். தரகர்கள் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். மாடுகள் இரண்டு பக்கமும் ஒதுங்க, நடுவில் கார் போயிற்று. அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறுதல் சொல்லும் நிலைமையில் நான் இல்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் நாடியைப் பிடித்தபடியே கேட்டார்: "யார் நிறுத்தினது?"

அப்பா அத்தையைப் பார்த்தார். நரம்பில் ஒரு ஊசி போட்டார். அது குழாயைச் சுற்றியிருக்கும் தசையைத் தளர்த்துவது, கொஞ்ச நேரத்தில் வேலை செய்யும். பிறகு இன்னொன்று, மாத்திரையின் இனத்தைச் சேர்ந்ததுதான், அது வீக்கத்துக்கு. "இதுக்குக் காத்திருக்கத்தான் வேணும்" என்றார். காத்திருந்தோம். முதல் ஊசியால் உயிர் தங்கியது. ஆனால் மூச்சு தாராளமாக வரப் பொழுது சாய்ந்துவிட்டது. அத்தனை நேரமும் என் செல்களுக்குள் துண்டைப் போட்டுப் பேச்சு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். அந்த நினைப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. தலையெழுத்து என்று கையைக் கட்டிக்கொண்டு கிடப்பதற்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து காத்திருப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம்.

சாயங்காலம் டாக்டர் அத்தையை அழைத்து என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இது நீங்க போட்ட நெய் இல்லம்மா. மாத்திரையால வந்தது. தேறிட்டான்னு நெனச்சு நிறுத்தினீங்களே, இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா இந்தப் பொண்ணு இல்ல." அத்தை என் கன்னத்தைத் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நாளில் அந்தக் கார் மறுபடி வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளையும் அம்மாவும். பழம், பூ எல்லாம் தட்டில் இருந்தது.

"பையனுக்குப் புடிச்சுப் போச்சுங்க" என்றார் அந்த அம்மா, அப்பாவிடம். "எங்களுக்கும் அந்த மொகம் புடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி அந்த மாத்தரைய மட்டும் நிறுத்திப்போடோணும். ஒறம்பரை, சொந்தபந்தம்னு நாலு பேரு கேட்டா நாங்க என்னத்தைச் சொல்றது?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் உள்ளேயிருந்து வந்துவிட்டேன். "அந்த முகமே மாத்திரை குடுத்ததுங்க. மாத்திரை வேண்டாம்னா அந்த முகமும் இருக்காது. ஒண்ணு வேணும், ஒண்ணு வேண்டாம்னா எப்பிடிங்க? டாக்டர் குறைக்கச் சொல்றப்பக் குறைப்பேன், போடச் சொல்றப்பப் போடுவேன். நாலு பேரு முன்னாடியே போடுவேன்."

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னை விட்டுவிட்டு அத்தையின் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நெய்யின்னு நீங்கதான சொன்னீங்க?"

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஊரில் ஒருவரிடமும் தோற்றுப் பழகாதவள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நெய்யி இல்லீங்க" என்றாள். "மாத்தரதானுங்க. அது இருக்கறதுனாலதான் இவ இருக்கறா."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். அவர்கள் இரண்டு பேரும் பார்க்கும்படி ஒரு உதறு உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். சந்தைக்கு வருகிறவர்கள்தான், அவர்களுக்கும் புரிந்தது. பழத்தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வேறொரு நாளாக இருந்தால், என்னைப் பற்றிய பேச்சுக்குத் துண்டை உதற நான் என்ன மாடா என்று அப்பாவிடம் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று போகவில்லை. கார் திரும்புவதற்குள் வாசலுக்கே செம்பில் தண்ணீர் கொண்டுபோய், அவர்கள் பார்க்க அந்த வேளை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.